லட்டு கவர் மாட்டிய மானிட்டர்

நவம்பர் 12, புதன்.
இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். லட்டு கவர் என் மானிட்டரில் இல்லாதபோதே கோப்பைத் திறந்து ஒரு வரியைத் திருத்திச் சேமித்துவிட்டேன். கவர் ஹரிதாவிடம் இருந்தது. அவள் எழுதி, சேமித்து, மூடிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தாள். நான் முன்பே திறந்துவிட்டதால் என் திரையில் இருந்தது அதற்கு முந்தைய நகல். நான் சேமித்ததும் அவள் எழுதிய பகுதி முழுவதும் அழிந்துபோனது. மன்னிப்புக் கேட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கடைசி வாக்கியத்தைக் கன்னிகா ஒருமுறை அடித்தாள். பிறகு மறுபடியும் எழுதி அப்படியே விட்டாள். ரயில் ரேணிகுண்டாவைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. எதிர் இருக்கையில் ஹரிதா வேர்க்கடலையை உடைத்துத் தோலை ஜன்னலுக்கு வெளியே ஊதிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி எழுதிக்கினே கீற?"

"இன்னிக்கு செஞ்ச வேல."

"என்னுத அழிச்சதையும் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"எழுது, எழுது. அழிஞ்சதும் நல்லதுக்குத்தான். ரெண்டாவது தபா எழுத சொல்ல பாதியா சுருங்கிடுச்சி. மேடமே பாத்துட்டு, சால பாகுந்தி, ரொம்ப நல்லா கீதுன்னாங்க."

அதுதான் முள். கன்னிகா ஒரு வரி எழுத மூன்று நாள் யோசிப்பவள். எழுதியதைத் தாளில் படம் போட்டுப் பார்த்து, அம்புக்குறி இழுத்து, அப்புறமும் சந்தேகப்படுபவள். ஹரிதாவோ காந்தி ரோட்டு மொபைல் கடையில் பகலெல்லாம் கண்ணாடி மாற்றிவிட்டு, மாலையில் கடலை தின்றுகொண்டே தட்டுவாள். அது ஓடும். தட்டியதை அழித்தால் அதைவிட நன்றாகத் தட்டுவாள். ஒருத்திக்குச் செய்த கெடுதல்கூட அவளுக்கு உரமாகிப் போனால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

திருப்பதியில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் அந்த மாலை வகுப்பு நடந்தது. நடத்தியவர் கல்பனா மேடம். பகலில் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை, மாலை ஆறு முதல் எட்டு வரை இங்கே. மாணவர்களை வைத்தே ஒரு சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம் கட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பெயர் குருவி. குருவி எழுந்து நிற்கும், திரையில் எழுதும், கோப்புகளைத் திறக்கும், மூடும். ஆனால் ஒரே கோப்பை இரண்டு ப்ரோகிராம்கள் ஒரே நேரத்தில் திறந்து எழுதினால் ஒன்றின் எழுத்தை மற்றொன்று மிதித்துவிடும். அதைத் தடுக்கும் பூட்டு குருவியில் இல்லை.

"திறக்கும்போதே ரெண்டு விஷயம் சொல்லணும்" என்றார் மேடம். "நான் இதை வச்சு என்ன செய்யப் போறேன், நான் மூடுற வரைக்கும் மத்தவங்க என்ன செய்யக் கூடாது. நான் எழுதப் போறேன், வேற யாரும் எழுதக் கூடாது, படிச்சா பரவால்ல. இப்படி. அடுத்து வர்ற ப்ரோகிராம் அதுக்கு ஒத்து வரலன்னா கோப்புகளைப் பாத்துக்குற பகுதியே அதைத் திருப்பி அனுப்பிடணும். இதை யார் நல்லா செய்றாங்களோ, அவங்களை எங்க கம்பெனியில கோப்பு வேலைக்கு நான் சிபாரிசு செய்வேன். ஒரு இடம்தான் இருக்கு."

முயன்றவர்கள் பலர், மிஞ்சியவர்கள் இருவர். இருவருடைய பூட்டும் ஒரே மூலக் கோப்பில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. ஒரு சுவிட்சைத் திருப்பினால் கன்னிகாவுடையது வேலை செய்யும். மறுபக்கம் திருப்பினால் ஹரிதாவுடையது. சனிக்கிழமை எட்டு மணிக்குக் கோப்பை மூடி மேடம் இரண்டையும் ஓட்டிப் பார்ப்பார்.

கன்னிகாவுக்கு அந்த இடம் வேண்டும். ரேணிகுண்டாவில் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் மூன்று வருஷமாகப் பில் போடுகிறாள். மூக்கிலும் தலைமுடியிலும் அட்டைத் தூசி. புத்தூருக்குப் பக்கத்தில் நைனா கரும்பு வைத்திருக்கிறார். "பொங்கலுக்குள்ள வேற வேலைக்குப் பூடுவேன் நைனா" என்று சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லும்போது இருந்த தைரியம் சொன்ன பிறகு இல்லை.

லட்டு கவர் கதை வேறு. வகுப்பில் எல்லாரும் ஒரே பொதுக் கோப்புறையில் எழுதினார்கள்; வீட்டிலிருந்தும் அதைத் திறக்கலாம். யார் எழுதியதையும் தனித்தனியாகக் காத்து, பிறகு சேர்த்துக் கொடுக்கும் கருவிகளை மேடம் வேண்டுமென்றே தரவில்லை. "பூட்டு இல்லாத வீட்டுல ஒரு மாசம் குடியிருங்க, அப்பதான் பூட்டோட அருமை தெரியும்" என்றார். முதல் வாரமே அடிதடி. அந்த நேரத்தில் உடன் படிக்கும் யஸ்வந்த் திருமலைக்குப் போய் வந்து லட்டு கொடுத்தான். லட்டு தீர்ந்தது, வெறும் சணல் பை மிஞ்சியது. பெருமாள் பையைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வரவில்லை. சுவரில் ஓர் ஆணியில் தொங்கவிட்டார்கள். பிறகு யாரோ, "இது யார் மானிட்டர்ல மாட்டியிருக்கோ அவங்க மட்டும்தான் எழுதணும்" என்றார்கள். அன்றிலிருந்து அதுதான் சட்டம். கவர் இல்லாமல் கோப்பைத் திறந்து எழுத எந்தத் தடையும் கிடையாது. ஆனாலும் ஒருவரும் எழுதியதில்லை. புதன்கிழமை கன்னிகா செய்தது ஒன்றுதான் விலக்கு.

வியாழக்கிழமை ரயிலில் ஹரிதா தானாகவே சொன்னாள்.

"என்னுதுல ஒரு ஓட்ட கீதுடி."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் இருந்தது கன்னிகாவுக்கு. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். "இன்னா ஓட்ட?"

"ஒரு ப்ரோகிராம் கோப்ப தொறந்து பூட்டு போடுது. அப்பறம் புள்ள பெத்துக்குது, அதான், தன்ன மாதிரியே இன்னொரு ப்ரோகிராம கெளப்பி வுடுது. புள்ளைக்கும் அந்தக் கோப்பு தொறந்தேதான் கீது, செரியா? புள்ள வேலய முடிச்சி மூடிச்சின்னா பூட்டே கழண்டுக்குது. அம்மாக்காரி உள்ள இன்னும் எழுதிக்கினு கீறா! புள்ள ஸ்கூலுக்குப் போகசொல்ல கதவ தொறந்து போட்டுட்டுப் போன மாதிரி, அம்மா குளிச்சிக்கினு கீறா." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "எத்தினி பேரு உள்ள கீறாங்கன்னு எண்ணிக்கினே வரணும். கடசி ஆளு மூடனாத்தான் பூட்டு கழலணும். நாளைக்கு போட்டுடுவேன்."

"ம்."

"உன்னுது அதுல செரியா கீது, நான் பாத்தேன். ஆனா நீ கோப்போட பேர வெச்சி பூட்டற. ஒரே கோப்புக்கு ரெண்டு பேரு இருந்தா? எங்க சித்தப்பாவுக்கு ஆதார்ல லோகேஸ்வரன், ஊர்ல குட்டி. குட்டின்னு கூப்ட்டா உன் பூட்டு தொறந்துக்கும். பேர்ல பூட்டாதடி, ஆளையே பூட்டு. என்னுதுல அப்படித்தான் போட்டுக்கீறேன்."

அவள் சொன்னது உண்மை என்று கன்னிகாவுக்கு உடனே தெரிந்தது. தெரிந்ததால்தான் கசந்தது. திருத்தலாம். திருத்தினால் ஹரிதா கட்டிய மாதிரியே கட்ட வேண்டும். அப்புறம் இவளுடையது என்று அதில் என்ன இருக்கும்?

வெள்ளிக்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்து இருவரும் கன்னிகாவின் டப்பாவைப் பிரித்தார்கள். கருவாட்டுக் குழம்பு.

"வெள்ளிக்கெழமையில கருவாடா? உங்க வூட்ல நாளு கெழம பாக்க மாட்டீங்களா?"

"சனிக்கெழமதான் பாப்போம். அன்னிக்கு முட்டகூட உள்ள வராது."

"ஆஹா, புண்ணியம்." ஹரிதா பாதிக்கு மேல் தின்றாள். "உங்க அம்மா கைய கழுவி குடிக்கலாம்டி." கை கழுவக் கீழே இறங்கிப் போனாள்.

கன்னிகா டப்பாவை மூடினாள். கையைக் கைக்குட்டையில் துடைத்தாள். அவள் மெதுவாக நடப்பவள் என்று வகுப்பில் கேலி உண்டு. அன்று இரண்டு இரண்டு படியாக ஏறினாள். ஆணியிலிருந்து கவரை எடுத்துத் தன் மானிட்டரில் மாட்டினாள்.

ஹரிதா வந்து பார்த்தாள். "ஓ, நீயா? முடிச்சிட்டு சொல்லு, எனுக்கு சின்ன வேலதான்."

"சொல்றேன்."

கன்னிகா கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு குறிப்பு வரி ஒன்றைத் தட்டினாள். அழித்தாள். மறுபடியும் தட்டினாள். பெயரை வைத்துப் பூட்டும் தன் பகுதி கண்ணுக்கு எதிரேதான் இருந்தது. அதைத் திருத்த ஒரு மாலைப் பொழுது தாராளமாகப் போதும். அவள் அதைத் தொடவில்லை. பின்னால் ஹரிதா நாற்காலியை ஆட்டும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். காவல் காப்பவளுக்குக் களை எடுக்க நேரம் ஏது?

"முடிஞ்சிச்சா?"

"இன்னும் கொஞ்சம்."

"இன்னாடி, கோயில் கட்டறியா?"

ஏழரை மணிக்குக் கடையிலிருந்து ஹரிதாவுக்குப் போன் வந்தது. "சேட்டு கூப்புடறான்" என்று எழுந்தாள். "பரவால்ல, நாளைக்கு எனுக்கு லீவு. மத்தியானமே வந்து போட்டுக்கறேன். கவர ஆணில மாட்டிட்டுப் போ."

எட்டு மணிக்கு எல்லாரும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சந்தடியில் கன்னிகா கவரைக் கழற்றி மடித்தாள். ஆணியைப் பார்த்தாள். சாப்பாட்டுப் பையில், டப்பாவுக்குப் பக்கத்தில் சொருகிக்கொண்டாள்.

அன்று டைரியில் ஒன்றும் எழுதவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பில் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"கன்னிகா, கவர் உங்கிட்டயா கீது?"

"இல்லியே. ஆணிலதான் மாட்டினேன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்படிச் சரளமாக அவள் எதையும் சொன்னதில்லை.

"இங்க இல்ல. செரி, வேற யாராச்சும் வூட்டுக்கு எடுத்துக்கினு போயிருப்பாங்க. குரூப்ல கேக்கறேன்."

குழுவில் கேள்வி வந்தது. ஒவ்வொருவராக இல்லை என்றார்கள். கன்னிகாவும் இல்லை என்று போட்டாள். காலுக்கடியில் சாப்பாட்டுப் பை. உள்ளே இன்று தயிர்சாதம். அதன் மேல் பெருமாள் பை.

பொய் சொன்ன பிறகு அவளுக்கு வேறு ஒரு எண்ணம் வந்தது. ஹரிதா என்ன, சும்மா இருப்பாளா? கோப்பு திறந்துதான் கிடக்கிறது. இந்நேரம் போட்டு முடித்திருப்பாள். அப்படி முடித்திருந்தால் இரண்டு பேரும் ஒரே தராசில்தான். இந்தக் கணக்கு அவளுக்கு ஆறுதலாக இருந்தது. கடைசி பில் வரை அதையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆறரைக்கு மாடி ஏறியபோது வாசலிலேயே யஸ்வந்தின் குரல் கேட்டது.

"ஏம்மா, பன்னெண்டு மணிலேர்ந்து இப்டியே ஒக்காந்துக்கினு கீற. தொறந்து எழுதிட்டுப் போ! யாரு கேக்கப் போறாங்க?"

"குரூப்ப பாக்காத ஆளு யாராச்சும் இருந்தா?" இது ஹரிதா. "கவர எடுத்துக்கினு போயி வூட்லேர்ந்து எழுதிக்கினு இருந்தா? நான் சேமிச்சா அவங்களுது பூடும்."

"போனா மறுபடி எழுதுவாங்க. புதன்கெழம உன்னுது போச்சி, நீ சிரிச்சிக்கினே எழுதல?"

"சிரிச்சேன்தான். கீழ போயி பாத்ரூம்ல எத்தினி நேரம் நின்னேன்னு உனுக்குத் தெரியுமா? அத நான் இன்னொருத்தருக்கு செய்ய மாட்டேன், போடா."

கன்னிகா வாசலில் நின்றாள். ஹரிதா காப்பாற்றிக்கொண்டிருப்பது யாருடைய எழுத்தை? கன்னிகா எழுதாத எழுத்தை. ஒரு குறிப்பு வரியைக்கூட மிச்சம் வைக்காத அந்த வெள்ளிக்கிழமையை.

இன்னும் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். எட்டு மணிக்கு மேடம் கோப்பை மூடிவிடுவார். அந்த ஓட்டையோடு ஹரிதா தோற்பாள். கன்னிகாவுக்கு அந்த எண்ணம் இனிப்பாகத்தான் இருந்தது, இப்போதும். ஆனால் அந்த இனிப்பை வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார முடியவில்லை.

உட்காரும் முன் தண்ணீர் கேனுக்குப் பின்னால் குனிந்தாள். நிமிர்ந்தபோது கையில் கவர் இருந்தது.

"ஹரிதா, இங்க வுழுந்து கெடக்குது பாரு."

"அய்யோ, அங்கயா? நான் அந்தப் பக்கம் தேடினேனே!" ஹரிதா ஓடி வந்து பிடுங்கினாள். மானிட்டரில் மாட்டினாள். நாற்காலியை இழுத்தவள் ஒரு கணம் நின்றாள். பையை மூக்கருகே பிடித்து முகர்ந்தாள்.

சணல் எதையும் விடாது. நேற்றைய கருவாடு முழுதாக அதில் குடியிருந்தது.

ஹரிதா திரும்பிக் கன்னிகாவைப் பார்த்தாள். உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். கடலை இல்லை, சிரிப்பு இல்லை. அப்படி ஒரு முகத்தோடு அவள் வேலை செய்து கன்னிகா பார்த்ததே இல்லை.

எட்டு அடிக்கச் சற்று முன்பு மேடம் உள்ளே வந்தார். "கவர் கிடைச்சுதா? எங்க இருந்தது?"

யாரும் பதில் சொல்வதற்குள் ஹரிதா சொன்னாள். "தண்ணி கேன் பின்னாடி மேடம். வுழுந்து கெடந்துச்சி."

காட்டிக்கொடுத்திருந்தாலாவது ஒரு கோபம் வைத்துக்கொண்டு தாங்கியிருக்கலாம். இதிலும் அவள்தான் பெரிய ஆள்.

மேடம் சுவிட்சைக் கன்னிகா பக்கம் திருப்பினார். ஒரு ப்ரோகிராம் எழுதத் திறந்தது. இரண்டாவது எழுத வந்தது, குருவி அதைத் திருப்பி அனுப்பியது. அம்மா, பிள்ளை சோதனையும் தேறியது. பிறகு மேடம் அதே கோப்புக்கு இன்னொரு பெயர் வைத்து, அந்தப் பெயரில் திறந்தார். குருவி கதவைத் திறந்து உள்ளே விட்டது. எழுத்தின் மேல் எழுத்து விழுந்தது.

"பேரை மட்டும் பாக்குது" என்றார் மேடம். "மத்ததெல்லாம் ரொம்ப சுத்தமா இருக்கு, கன்னிகா. இது ஒண்ணுதான்."

ஹரிதா பக்கம் திருப்பினார். எல்லாம் தேறியது. ஆறு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, ஒரு மணி நேரத்தில் போட்ட அந்த எண்ணிக்கையும் தேறியது. ஹரிதா பேரைச் சொன்னார். யஸ்வந்த் விசிலடித்தான். கன்னிகாவும் கை தட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் ஒருமுறை தட்டிவிட்டாள்.

ரயில்வே ஸ்டேஷனில் பெஞ்சில் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். நடுவில் லட்டு கவர். மேடம் கோப்பை மூடிவிட்டதால் திங்கள் வரை அதற்கு வேலையில்லை. ஹரிதாதான் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"நேத்து கொழம்பு நல்லா இருந்துச்சி" என்றாள் ஹரிதா.

கன்னிகா தண்டவாளத்தைப் பார்த்தாள். "வேணும்னேதான் எடுத்தேன்."

"தெரியும்."

"உன் ஓட்ட அப்டியே இருக்கணும்னுதான்."

"தெரியும்னு சொல்றன்ல? எனுக்கு மூக்கு கீது." அவள் குரல் உடைந்து கொஞ்சம் உயர்ந்தது. "மத்தியானம் சாப்புடக்கூட போவல நான். நான் போன நேரத்துல கவர் வந்து, வேற யாராச்சும் எடுத்துட்டா இன்னா செய்றதுன்னு. பொம்ம மாதிரி ஒக்காந்துக்கினு இருந்தேன். நீ தயிர்சோறு துன்னுக்கினு இருந்திருப்ப."

"ஆமா."

"ஆமாவாம்! ஆமான்னு வேற சொல்றா பாரு."

ரயில் வரும் அறிவிப்பு தெலுங்கில் ஓடி முடிந்தது. கன்னிகா கேட்டாள், "அப்பறம் ஏன் மேடம்கிட்ட சொல்லல?"

"நான் ஜெயிச்ச அன்னிக்கு அந்தப் பஞ்சாயத்து எதுக்கு? என் சந்தோசத்துல உன் கருவாடு எதுக்குடி?" ஹரிதா கவரை எடுத்து அவள் மடியில் போட்டாள். "பெருமாள் பைய நாற அடிச்சி வெச்சிக்கீற. தொவச்சி எடுத்துக்கினு வா. யார்கிட்ட இருந்துச்சின்னு நீயே சொல்லிக்கோ. நான் இன்னொரு தபா உனுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்."

ரயிலில் அவள் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டாள். புத்தூரில் இறங்கிய கன்னிகா, நகரிக்குப் போகும் அந்தப் பெட்டி தன்னைக் கடந்து போகும்வரை நின்றாள். ஜன்னலோரம் ஹரிதா போனில் யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்த செய்தியாகத்தான் இருக்கும். கன்னிகாவின் வயிறு பழையபடியே எரிந்தது.

நவம்பர் 15, சனி.
இடம் ஹரிதாவுக்குக் கிடைத்தது. என் பூட்டு இரண்டு பெயர் சோதனையில் தவறியது. அவள் வியாழக்கிழமையே சொன்னாள், நான் திருத்தவில்லை. வெள்ளிக்கிழமை கவர் என்னிடம் இருந்தபோது நான் ஒரு வரிகூட எழுதவில்லை. கவரை வீட்டுக்குக் கொண்டு வந்தது நான்தான். இல்லை என்று சொன்னதும் நான்தான். பொறாமை இன்னும் போகவில்லை.
நாளைய வேலை: லட்டு கவரைச் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். அது யாரிடம் இருந்தது என்று குழுவில் எழுத வேண்டும்.